உங்கள் ஆல்பத்தில் ஒரு மலை

அன்புள்ள நண்பருக்கு,

கொடைக்கானல் மேல்மலையில் நான் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, "2006இல் மொட்டையாகக் கிடந்த மலை 2018இல் காடாகிவிட்டதே, இதற்கு எதற்கு ஒப்பாரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் வரவில்லை. என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

நீங்கள் மொட்டை என்று சொல்வது புல்வெளி. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் உயரமான பகுதிகளுக்கு இயல்பே அதுதான். மேடெல்லாம் புல், தண்ணீர் இறங்கும் மடிப்புகளில் மட்டும் கருகருவென்று குட்டையான சோலை. மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையாகக் கசிய விடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்சரிவுகளில்தான்.

இரண்டாம் படத்தில் நீங்கள் காடு என்று பார்த்தது வாட்டில். நீலகிரிப் பக்கம் சீகை என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று அரசே நட்டது. கூடவே தைல மரம், பைன். புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நாம் அதைத் திருத்தவில்லை, சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டுக்கொண்டே போனோம். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கிற மரமும் இல்லை. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும், தீ பட்டால் கொத்தாக முளைக்கும். மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்குமாகப் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் போய்விட்டது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

இனி படங்கள். 2006 குறிஞ்சி பூத்த ஆண்டு. ஒரு பாறைமேல் முக்காலியை ஊன்றி முதல் படத்தை எடுத்தேன். அடுக்கடுக்காக மலைகள் தெரிந்தன, காலடியிலிருந்து நீலம். பன்னிரண்டு வருடம் கழித்து அதே மாதம், அதே லென்ஸோடு போனேன். பாறையைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று. ஏறி நின்றால் எட்டித் தொடும் தூரத்தில் வாட்டில் கிளை. மலை ஒன்றுகூடத் தெரியவில்லை. குறிஞ்சியும் இல்லை, அந்த நிழலில் அது எங்கே பூக்கும்? வேறு வழியில்லாமல் எதிர் மேட்டுக்குப் போய் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த இரண்டாவது படம். கோணம் ஒன்றல்ல என்பதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். இன்னொரு தப்பும் உண்டு. சாயங்கால வெயில் மரத்தில் விழட்டும் என்று காத்திருந்து எடுத்தேன். பழக்க தோஷம். படம் அழகாக வந்துவிட்டது, உங்களை ஏமாற்றிவிட்டது.

பனியாறுகளைப் படமெடுப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941இல் எடுத்த இடத்திலிருந்தே 2004இல் மறுபடி எடுத்தார்கள். பனி நின்ற இடத்தில் தண்ணீர் கிடக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மலையில் இழப்பு பச்சை நிறத்தில் வருகிறது. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் தவறாமல் படமெடுத்துக்கொள்ளும் பைன் காடும் மனிதர் நட்டதுதான்!

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ உங்கள் வீட்டார் அந்தக் காலத்தில் போயிருந்தால், ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகச் சித்தப்பாவும் அத்தையும் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். மரமே இல்லாத புல்சரிவு தெரிந்தால் அது எந்த இடம், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் அந்த இடங்களுக்கெல்லாம் ஒருமுறை போய்வர வேண்டும்.

அன்புடன்,
படம் எடுத்தவன்