முதலில் வடிகால், பிறகு விதை

தலைஞாயிறு பக்கம் கடைமடையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்துவிட்டாலும் தண்ணீர் எங்கள் மதகைத் தொடுவதற்குள் ஆடி கழிந்துவிடும். கடல் தண்ணீர் அப்படியில்லை, யாரும் திறந்துவிட வேண்டியதில்லை. கோடையில் உப்பனாற்று வழியே அதுவாகவே ஏறி வந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, கிழக்குப் பக்கத்து இரண்டு ஏக்கருக்குள் உப்புத்தண்ணீர் சேற்றோடு புகுந்தது. நான்காம் நாள் சம்பாப் பயிரின் நுனியெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் பொசுங்கிக் கிடந்தது. அடுத்த கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்துப் பதறி, கடன் வாங்கி ஜிப்சம் இறக்கினேன். பக்கத்து வயல் பெரியப்பா வரப்பில் நின்று சிரித்தார்.

"ஏம்ப்பா, தண்ணி வடிய வழி பண்ணாம மருந்தைக் கொட்டுனா உப்பு எங்க போவும்?"

அவர் சொன்னதுதான் சரி. வெள்ளையாகப் பூத்தால் அது உவர். மழைத்தண்ணீரைத் தேக்கி, உழுது கலக்கி, வடித்துவிட்டால் உப்பு கரைந்து போய்விடும். ஜிப்சம் களருக்கு. மண் பரிசோதனையில் பி.எச். 8.5-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். அங்கேயும் வடிகால் இல்லாவிட்டால் போட்ட பணம் வீண். அந்த வருஷம் வயலைச் சுற்றி இடுப்பளவு வாய்க்கால் வெட்டினேன். இன்றுவரை இந்த நிலத்துக்குச் செய்த செலவில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கோடையில் நிலத்தைச் சும்மா போடுவதையும் விட்டுவிட்டேன். வெயில் காய்ந்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். கோடை மழை ஒன்று கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுதுவிடுகிறேன். உப்புக்கு அசராத செடி அது.

விதையைப் பொறுத்தவரை, ஐந்து ஏக்கருக்கும் ஒரே ரகம் என்பது எங்கள் பக்கம் சூதாட்டம். உப்பனாற்று ஓரத்தில் களர்பாளை, பள்ளத்தில் சி.ஆர். 1009 சப் 1, மேட்டில் திருச்சி 3. களர்பாளையில் மூட்டை குறையும்தான். ஆனால் அங்கே வேறு எது போட்டாலும் வைக்கோல்கூடத் தேறுவதில்லை.

சப் 1 விஷயத்தில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 'முழுகினாலும் இரண்டு வாரம் தாங்கும்' என்றார்கள். தாங்கும், வளர்ந்த பயிராக இருந்தால். நான் புரட்டாசிக் கடைசியில் விதைத்தேன். முளைத்த பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அத்தனையும் அழுகிப் போயிற்று. முளைக்கு அந்தச் சக்தி கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஆற்றுத்தண்ணீருக்குக் காத்திருப்பதில்லை. ஆவணியில் புழுதி விதைப்பு. ஐப்பசி மழை இறங்கும்போது பயிர் முழங்காலைத் தொட்டிருக்க வேண்டும், அதுதான் என் கணக்கு. வெள்ளம் வடிந்த மறுநாளே யூரியா வீசுகிற அவசரமும் வேண்டாம். புது இலை ஒன்று எட்டிப் பார்க்கட்டும்.

வாய்க்கால் தண்ணீரை மடை திறக்குமுன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். லேசாகக் கரித்தாலே திறக்க மாட்டேன். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் என்றால் சந்தேகமே வேண்டாம், மூடிவிடுவேன். பையன் பேனாபோல ஒரு கருவி வாங்கித் தந்திருக்கிறான். நாக்கு சொன்னதைத்தான் அது எண்ணாகக் காட்டுகிறது.

உளுந்துதான் இன்னும் பிடிபடவில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்தில் தெளிப்பது அப்பா காலத்து வழக்கம். தை பிறந்தால் மழை இல்லை என்று அவர் நம்பினார். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பெய்த மழை அந்த நம்பிக்கையைக் கரைத்துவிட்டது. இரண்டாவது மழையில் முளைத்த உளுந்து மொத்தமும் போச்சு. அதிலிருந்து பாதி விதையைத்தான் தெளிக்கிறேன். மீதி சாக்கில் வீட்டுப் பரணில் இருக்கும், மாசி பிறக்கும்வரை.