எந்த விதியின்படி?

மக்களவையில் ஓர் உறுப்பினர் பேசும்பொழுது மற்றொருவர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவதுண்டு. அவைத்தலைவர் உடனே வினவுவது, ‘எந்த விதியின்படி?’ என்பதே. பொருளை விட்டு விலகிப் பேசிக்கொண்டே இருப்பவரை நிறுத்தச் சொல்ல 356ஆம் விதி அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. எனினும், குறுக்கிடுபவர் ‘தேவையற்ற பேச்சு’ என்று மட்டும் கூறி அமர்ந்துவிட இயலாது.

நம் இளைஞர் நாடாளுமன்ற ஒத்திகையில் விவாதப் பொருள், ‘நம் நகரின் குடிநீர்’. மாணவி ஒருத்தி தன் பாட்டி ஊரின் ஊருணியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ‘பொருளுக்குப் புறம்பு!’ என்று ஒரு மாணவன் எழுந்தான். அவள் முகம் வாடி அமர்ந்தாள். தலைவராக இருந்த மாணவன் காரணம் கேட்டான்.

‘நாம் பேசுவது நகரத்தைப் பற்றி, இவர் கூறுவது சிற்றூரைப் பற்றி.’

காரணம் தெரிந்ததும் அவளுக்கு விடை கூற வழி பிறந்தது. ‘ஊருணியில் மழைநீரைத் தேக்குவதுபோல நம் குடியிருப்பிலும் தேக்கலாம் என்று சொல்ல வந்தேன்’ என்றாள். ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. (அத்தொடர்பை அவள் முதலிலேயே கூறியிருக்கலாம் என்பதும் உண்மையே.)

பயிற்சி: அதே விவாதத்தில் ஒருவர் மட்டைப்பந்துப் போட்டியைப் பற்றிப் பேசுகிறார். உம் ஆட்சேபத்தைக் காரணத்துடன் இரு தொடர்களில் எழுதுக.