வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா?



குழுக் கடனில் லோடு வண்டி எடுத்து ஓட்டும் குழுக்களுக்கான பாடம் இது. "கொஞ்சம் ஆயில் சொட்டுது, டிரைவர் பாத்துக்குவார்" என்று கூட்டங்களில் சொல்லக் கேட்கிறோம். தவணை கட்டுவது டிரைவர் இல்லையே, நாம்தானே!

இன்ஜினுக்கு அடியில் தட்டு மாதிரி இருப்பதுதான் ஆயில் சம்ப். இன்ஜின் ஆயில் இங்கேதான் தேங்கி நிற்கும். பம்பு அதை இழுத்து மேலே அனுப்பும். ஆயில் ரொம்பக் குறைந்தால் இரும்போடு இரும்பு உரசி இன்ஜின் ஜாம் ஆகிவிடும். ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

பெரும்பாலும் கசிவது டிரெயின் போல்ட்டில்தான். ஆயில் மாற்றும்போது பழைய வாஷரையே திரும்பப் போடுவார்கள். அது ஏற்கெனவே நசுங்கியது, சரியாக அடைக்காது. ஒவ்வொரு முறையும் புது வாஷர் கேளுங்கள். போல்ட்டை வெறி பிடித்த மாதிரி முறுக்கினாலும் மரை போய்விடும். அலுமினிய சம்ப் என்றால் இன்னும் சீக்கிரம் போகும்.

அடுத்தது பேக்கிங். சூட்டில் நாளாக நாளாக விறைத்து வெடித்துவிடும். மண் ரோட்டில் கல் அடித்து சம்ப் நசுங்குவதும் உண்டு. இரும்பு சம்ப் துருப்பிடித்தும் ஓட்டையாகும்.

ஆனால் ஒன்று. மேலே டேப்பட் கவரில் கசிந்த ஆயிலும் வழிந்து கீழேதான் சொட்டும். அதனால் முதலில் இன்ஜினைத் துடைக்கச் சொல்லி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, எங்கே ஈரம் என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் கறை தெரியும்.

பேக்கிங் மாற்றும்போது ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வெளியே பசை மட்டும் அப்பிவிட்டு "ரெடி" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய பேக்கிங்கையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கணும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வீடு பக்கம்தானே என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வடித்த கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.