மடத்துக்கு விருந்தாளியாகப் போகும் மருமகளுக்கு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கோடை விடுமுறையில் பிரான்சு நாட்டுத் துறவற மடங்களுக்குப் போகப்போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் கூடவே அனுப்பியிருந்த பயணத் திட்டத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. காலையில் ஒரு மடம், மாலையில் இன்னொன்று, இரவு ரயிலில் அடுத்த ஊர் என்று போட்டிருக்கிறாய். நம் பங்கிலிருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் என்று ஒரே மூச்சில் சுற்றி வருவோமே, அந்தப் பழக்கம் உன் திட்டத்தில் தெரிகிறது. திருத்தலங்களுக்கு அது சரி. மெழுகுதிரி ஏற்றி, மனதில் உள்ளதை மாதாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பலாம். மடம் என்பது சிலர் சாகும்வரை குடியிருக்கிற வீடு. வீட்டுக்குப் போகிறவர் தங்கவேண்டும், அந்த வீட்டு நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், அந்த வீட்டாரோடு செபிக்கவேண்டும். அப்போதுதான் போனதில் அர்த்தம் உண்டு. ஆகவே பட்டியலை அடித்துவிட்டு ஒரே ஒரு மடத்தைத் தேர்ந்துகொள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லவருவது முக்கியமாக அதுதான்.

நானும் பொதுநிலையினன். குடும்பம், வேலை, பங்குப் பேரவை என்று வாழ்கிறவன். அந்த நாட்டு மடங்களில் போய்த் தங்கியபோது எனக்கு முதலில் உதவியது ஒரு பழைய ஒழுங்குநூல். நம் பாட்டி தலைமுறை ஆசீர்வாதப்பர் என்று சொன்ன புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் எழுதியது. இன்றும் அவர் சபையினர் அதன்படிதான் வாழ்கிறார்கள். அதன் 53ஆம் அதிகாரம் விருந்தாளிகளைப் பற்றியது. வருகிறவர் யாரானாலும் கிறிஸ்துவே வந்ததாக எண்ணி ஏற்கவேண்டும்; ஏழைகளையும் திருப்பயணிகளையும் கூடுதல் அக்கறையோடு ஏற்கவேண்டும் என்கிறது. அதே அதிகாரம் விருந்தாளிகளுக்கென்று தனிச் சமையலறை வைக்கச் சொல்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களால் துறவிகளின் ஒழுங்கு குலையக்கூடாது என்பது காரணம். விருந்தாளியோடு பேச அனுமதி பெறாத துறவி எதிர்ப்பட்டால், தாழ்மையோடு வணங்கி, ஆசி கேட்டு, விலகிப் போகவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், நடையில் உன்னைக் கண்டு தலையசைத்துவிட்டுப் பேசாமல் போகிற ஒருவரைப் பார்த்து உன் மனம் புண்படாது. அன்பும் ஒதுக்கமும் அங்கே ஒன்றாகவே இருக்கும். மற்ற சபைகளுக்கு வேறு ஒழுங்குநூல்கள் உண்டு. போகுமுன் அந்தச் சபையின் நூலைத் தேடிப் படித்துவிடு.

நான் அதிகம் தங்கியது பெனடிக்ட் சபையினரின் சொலேம் மடத்தில். சார்த் ஆற்றங்கரையில், சாப்லே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் சாப்பாட்டுக்குப் போனபோது, சாப்பாட்டறை வாசலில் மடத்தலைவரே என் கைகளில் தண்ணீர் ஊற்றினார். பக்கத்தில் நின்ற துறவி துண்டை நீட்டினார். இதுவும் அந்த 53ஆம் அதிகாரத்தில் உள்ளதுதான். உள்ளே யாரும் பேசவில்லை. ஒருவர் மேடையிலிருந்து புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சாப்பிட்டார்கள். உனக்கு இது கிடைக்காது. ஆண் துறவியரின் அடைப்புக்குள் பெண்கள் போகமுடியாது. பெண்களுக்கு மதிலுக்கு வெளியே தங்கும் இடம் உண்டு. ஆனால் அதே ஊரில் 1866இல் தொடங்கிய புனித செசிலியா கன்னியர் மடம் இருக்கிறது. அங்கே சிஸ்டர்கள் கம்பியடைப்புக்கு அப்பால் நின்று பாடுகிறார்கள். அந்தக் கம்பியைப் பார்த்ததும் சிறை என்று நினைத்துவிடாதே. அவர்கள் விரும்பி ஏற்ற வாழ்வின் எல்லை அது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் சந்திப்பு அறையில் ஒரு சிஸ்டரோடு உட்கார்ந்து பேசு.

சொலேமில் எல்லாவற்றையும்விடப் பெரிது பாட்டு. நாள் முழுதும் செப வேளைகள் இலத்தீனில், கிரகோரியன் பண்ணில் நடக்கின்றன. காலை 10 மணிக்குத் திருப்பலி. மாலை 5 மணிக்கு மாலைப் புகழ். இந்தப் பண்கள் காலப்போக்கில் சிதைந்திருந்தன. சொலேம் துறவியர் பழைய கையெழுத்துச் சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவற்றை மீட்டார்கள். மொக்ரோ என்ற துறவி 1889இல் அந்தச் சுவடிகளின் படங்களைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். நீ நம் பங்குப் பாடகர் குழுவில் கீபோர்டுக்கும் மைக்குக்கும் நடுவில் வளர்ந்தவள். அங்கே எந்தக் குரலும் தனித்து மேலெழாது. இரண்டு பக்கமாக நின்று, ஒரு பக்கம் திருப்பாடலின் ஓர் அடியைப் பாடும், மறுபக்கம் அடுத்த அடியைப் பாடும். நடுவில் ஒரு சிறு நிறுத்தம். அந்த நிறுத்தத்தைக் கவனி. எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆகும் என்று எனக்குப் பட்டது. இலத்தீன் தெரியாதே என்று கவலைப்படாதே. பாடுவது திருப்பாடல், நம் தமிழ் விவிலியத்தைத் திறந்து அதே பாடலை வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் எல்லாம் அழகாக இருக்கும். அடுத்த நாளே சலிப்பு வரலாம். மறுபடியும் மணி அடிக்கிறதா, மறுபடியும் திருப்பாடலா என்று தோன்றும். அப்போது அறையில் படுத்துவிடாதே, போ. துறவிகளுக்கும் சலிப்பு உண்டு. அவர்களும் எழுந்து போகிறார்கள். மனம் ஒட்டுகிறதோ இல்லையோ, நேரம் வந்தால் ஆண்டவர் முன் நிற்பது என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். வெளியே எத்தனை ஒடுக்கம் செய்தும் எனக்கு அது பிடிபடவில்லை.

இந்தச் சொலேமுக்கு 1938இல் ஒரு பெண் வந்தார். சிமோன் வெய் என்ற தத்துவ ஆசிரியை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், திருமுழுக்குப் பெறாதவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தொழிலாளரின் பாடு என்னவென்று அறியத் தாமே தொழிற்சாலையில் வேலை செய்தவர். குருத்து ஞாயிறு முதல் பாஸ்கா செவ்வாய்வரை தங்கி, எல்லா வழிபாடுகளிலும் இருந்தார். கடுமையான தலைவலி அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அந்த வலியோடேயே பாட்டைக் கேட்டார். கிறிஸ்துவின் பாடுகள் தமக்குள் புகுந்த நாட்கள் அவை என்று பின்னாளில் எழுதினார். நீ யார், எவ்வளவு விசுவாசம் என்று கேட்காமல் ஒரு மடம் கதவைத் திறந்து வைத்திருந்ததால் நடந்தது அது. உன்னோடு படிக்கிற, கோயிலுக்குப் போகாத தோழி ஒருத்தி கூட வர விரும்பினால் தயங்காமல் அழைத்துப் போ.

அந்த நாட்டு மடங்களில் வயதானவர்கள் நிறைய இருப்பார்கள். சில மடங்களில் இடங்கள் காலியாகக் கிடக்கும். சில மடங்கள் மூடப்பட்டுவிட்டன. அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் துறவறம் முடிந்தது என்று வீட்டுக்கு எழுதிவிடாதே. பிரெஞ்சுப் புரட்சி 1790இலேயே துறவற வார்த்தைப்பாடுகளைச் செல்லாதென்று சட்டம் போட்டது. சொலேம் காலியானது. பக்கத்து ஊர்க்காரரான கெரான்ஜே என்ற இளம் குரு, சில தோழர்களோடு 1833 ஜூலை 11ஆம் தேதி அங்கே மீண்டும் செபத்தைத் தொடங்கினார். 1901இல் சட்டம் மறுபடி நெருக்கியபோது துறவியர் இங்கிலாந்துக்குப் போய், வைட் தீவில் வாழ்ந்து, 1922இல் திரும்பினார்கள். நீ இருக்கிற லியோனுக்கு வடக்கே குளூனி இருக்கிறது. ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோயில் அங்கேதான் நின்றது. புரட்சிக்குப் பின் அதை இடித்துக் கல்லாக விற்றார்கள்; இன்று மீதி இருப்பது சிறு பகுதிதான். ஆனால் அந்த இடிபாட்டிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் தெய்ஸே இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவிகிற இடம் அது.

தெய்ஸே உனக்கு எளிது. மாக்கோன் வரை ரயில், பிறகு பஸ். சுவிட்சர்லாந்துக்காரரான பிரதர் ரோஜே 1940இல், போர்க் காலத்தில், அந்தச் சிற்றூருக்கு வந்து யூதர் உட்பட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். பிறகு உருவான சபையில் கத்தோலிக்கரும் பிற சபைக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வாழ்கிறார்கள். தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. மண்பாண்டம் செய்வது போன்ற கைத்தொழிலில் பிழைக்கிறார்கள். நீ ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு வரை இருக்கலாம். பாத்திரம் கழுவ, பரிமாற உன்னையும் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வேளை செபம், குட்டிக் குட்டிப் பாட்டுகள், நடுவில் நீண்ட மௌனம். பலருக்கும் அந்த மௌனம்தான் முதலில் கடினமாக இருக்கிறது, பின்னால் நினைவில் நிற்பதும் அதுவே. தனியாகப் போகிற இளம்பெண்ணுக்கு முதல் அனுபவமாக நான் தெய்ஸேயைச் சொல்வேன். ஆனால் அங்கே கூட்டம் அதிகம், பேச்சும் அதிகம். ஒரு துறவற வீட்டின் உள்வாழ்வு தெரியவேண்டுமானால் சொலேம் போன்ற இடமே வேண்டும்.

நம் நாட்டுக்கும் சொலேமுக்கும் உறவு உண்டு. சொலேம் துறவியர் 1897இல் பிரித்தானி கடற்கரையில் கெர்கோனான் என்ற மடத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1929இல் சேர்ந்தவர் ஆன்றி லெ சோ. அவர் 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அவருக்கு முன்பே, 1939இல், வந்து திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஏழையாக வாழ்ந்தவர் மொன்ஷனேன். நீ படிக்கிற அதே லியோன் மறைமாவட்டத்துக் குரு. இருவரும் 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். லெ சோ காவி உடுத்தி அபிஷிக்தானந்தர் ஆனார். அவர்களுடைய இறையியலில் எனக்கு எல்லாம் உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் வேற்று நாட்டு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதை அவர்களிடம் கற்கலாம். வந்ததும் நம்மைத் திருத்தத் தொடங்கவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள், நம் உணவைச் சாப்பிட்டார்கள், நம் நூல்களைப் படித்தார்கள். நீ அங்கே போகும்போது அந்த மரியாதையைத் திருப்பிக் கொடு.

நீ மடத்துக்குப் போகிறாய் என்றதும் உறவுக்காரர்கள், பிள்ளை சிஸ்டராகிவிடுமோ என்று பேசத்தான் செய்வார்கள். அதை நினைத்து நீ ஒடுங்காதே. தேவ அழைத்தல் இருந்தால் ஆண்டவர் தெளிவாகவே காட்டுவார். அழைத்தல் இல்லையென்றாலும் நீ இரண்டாம் தரம் ஆகிவிடமாட்டாய். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மடத்தில் தங்கிவிட்டு வரும் பொதுநிலையினர் பலர், தங்கள் குடும்பத்தையும் வேலையையும் அலட்சியமாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அது மடம் கற்றுக்கொடுத்த பாடமல்ல.

குழந்தை தெரசாளின் பெற்றோரை நினைத்துப்பார். தந்தை லூயி மர்த்தேன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். இளமையில் ஆல்ப்ஸ் மலையில் பெரிய புனித பெர்னார்டு மடத்தில் சேரப் போனார். இலத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். தாய் செலி, வின்சென்ட் தெ பவுல் சபைச் சிஸ்டர்களிடம் போய்க் கேட்டார், அவர்களும் ஏற்கவில்லை. பிறகு அவர் அலான்சோன் நகரில் லேஸ் பின்னும் தொழில் நடத்தி, பெண்களுக்கு வேலை கொடுத்தார். இருவருக்கும் 1858இல் கல்யாணம். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நான்கைச் சிறு வயதிலேயே புதைத்தார்கள். மீதி ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள்; தெரசாள் உட்பட நால்வர் லிசியூ கார்மேல் மடத்தில், ஒருவர் கான் நகர மடத்தில். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று லூயி, செலி இருவரையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவியாக ஒரே நேரத்தில் புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதி அவர்கள்தான். மடத்து வாசலில் நின்று திரும்பியவர்கள், கடையிலும் அடுப்படியிலும் பிள்ளையின் நோய்ப் படுக்கையிலும் அந்தப் புனிதத்தை அடைந்தார்கள். லிசியூவுக்குப் போனால் தெரசாளிடம் மட்டும் வேண்டிக்கொண்டு வராதே, இவர்களிடமும் வேண்டு.

திரும்பி வந்தபின் துறவிபோல் நடிக்கவேண்டாம். காலையும் மாலையும் ஒரு நேரத்தை உறுதியாக வைத்துக்கொள். திருச்சபையின் செபநூலான திருப்புகழ்மாலையிலிருந்து காலைப் புகழும் மாலைப் புகழும் சொல். முடிந்தால் அறைத் தோழியோடு மாற்றி மாற்றிச் சொல். இது குருக்களுக்கும் சிஸ்டர்களுக்கும் மட்டும் உரியதென்று நம் ஊரில் நினைத்துவிட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, திருவழிபாடு பற்றிய ஏட்டில், பொதுநிலையினரும் இதைச் சொல்லும்படி ஊக்குவித்திருக்கிறது.

இனி நடைமுறை. விருந்தினர் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ எழுது. நீ யார், ஏன் வர விரும்புகிறாய், எத்தனை நாள் என்று நான்கு வரி போதும். உன் பிரெஞ்சு பிழையாக இருந்தாலும் நீயே எழுது. சாப்பாட்டில் ஏதாவது ஒவ்வாது என்றால் முதலிலேயே சொல்லிவிடு. கிளம்பும்போது தங்கியதற்கான காணிக்கையை உறையில் போட்டுக் கொடு. மாணவி என்பதால் குறைத்துக் கொடுத்தால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். செபவேளையில் போட்டோ எடுக்காதே. அறையைக் கூட்டி, விரிப்பை மடித்து வைத்துவிட்டு வா. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்த வாரமே எழுதிவிடு.

இப்படிக்கு,
அன்பு மாமா