சேது சாலையை முதலில் நடந்து பார்

அன்பு மகளுக்கு,

கட்டடக் கலைப் படிப்பை முடித்துவிட்டாய் என்றும், தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் போகும் பழைய சேது சாலையின் சத்திரங்களைப் பேணும் வேலையில் இறங்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு வரைபடம். அதில் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாய். அந்த வட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னைப்போல் இந்த வேலைக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

வட்டம் போடாதே அம்மா, கோடு போடு.

1802இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய அந்தச் சத்திரம் யார் கண்ணையும் பிடித்து நிறுத்தும். தேர் போன்ற அமைப்பு, கல்லில் சக்கரங்கள், இழுத்துச் செல்லும் குதிரைகள், யானைகள். ஆனால் அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று உன்னை நீயே கேட்டுக்கொள். தஞ்சாவூரில் விடியலில் கிளம்பிய யாத்திரிகர், மூட்டையும் கைப்பிள்ளையுமாக, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரம் அது. அங்கிருந்து பட்டுக்கோட்டை, இராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று பாதை கடலோரத்தைத் தொட்டுத் தெற்கே இறங்கும். சத்திரங்களின் பெயரைத் தாங்கிய ஊர்களே அந்தப் பாதையில் உண்டு. ஒரு சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலே இருக்கிறதே, அதுதான் சாலை. அந்த இடைவெளியில் நிழல் மரமும் குளமும் கிணறும் தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கியும் இருந்தன. அவை போய்விட்டால் சத்திரம் ஏதோ ஒரு பழைய கட்டடமாக மட்டுமே மிஞ்சும்.

சுமைதாங்கியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. இரண்டு செங்குத்துக் கல், மேலே ஒரு கிடைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் கை வேண்டாமல் சுமையை இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நட்டுவைப்பது வழக்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், அப்படியொரு கிடைக்கல்லை வாய்க்காலின் குறுக்கே நடைபாலமாகப் போட்டிருந்தார்கள். நான் நாடாவைப் பிடித்து நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதிக்கொண்டேன். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டி, "அது எங்க மாமியாரோட அக்கா கல்லு" என்றாள். அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. மறுவருஷம் போனபோது பாட்டி இல்லை. அளவுகள் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. யாருடைய கல் என்பது இனிமேல் தெரியப்போவதில்லை. நீ நாடாவை எடுப்பதற்கு முன்னால் பெயரைக் கேள்.

ஆவணங்களுக்குக் குறைவே இல்லை. சரபோஜி 1801இல் தஞ்சையில் இருந்த ஆங்கிலக் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படி. இராமேசுவரம் போகிறவர்களுக்காகத் தம் முன்னோர் வைத்த சத்திரங்களைக் கைவிட முடியாது என்று வாதாடும் கடிதம் அது. எல்லாச் சாதியாருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நடுராத்திரியில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயில் விழுந்த யாத்திரிகருக்கு வைத்தியமும் பத்தியமும். வழியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும். இதைப் படித்தபோது, ஒரு சத்திரத்தில் எந்தத் தூண் முக்கியம் என்ற கேள்வியே எனக்குச் சிறிதாகிவிட்டது. அடுக்களை எங்கே இருந்தது? வைத்தியர் எங்கே உட்கார்ந்தார்? பிள்ளைகள் எந்தத் தாழ்வாரத்தில் தூங்கின? உன் வரைபடம் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்ட, மோடி எழுத்தில் எழுதிய மராட்டிய ஆவணங்களையும் புரட்டிப் பார். அரிசிக் கணக்கு, சம்பளக் கணக்கு என்று அலுப்புத் தட்டும். தட்டினாலும் படி. சாலையில் யார் நடந்தார்கள், என்ன தின்றார்கள் என்பது அந்தக் கணக்குகளில்தான் கிடக்கிறது.

பழுதுபார்ப்பைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இரு. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூச விடாதே. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைக்கும். கடலோரத்து உப்பும் சேர்ந்தால் உள்ளிருக்கும் செங்கல் மாவாக உதிர்ந்துவிடும். வெளிப்பூச்சு மட்டும் பளபளவென்று நிற்கும். நீதான் வேலையை முடித்தவள் என்று கல்வெட்டும் வைப்பார்கள். அந்தக் கல்வெட்டு உனக்கு வேண்டாம்.

விளம்பரம் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். பலகை வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காரில் வந்து பத்து நிமிஷம் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களால் இந்தச் சாலை பிழைக்காது. வழியில் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்குப் போ. ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரைக்கும் நடக்கட்டும். பட்டுப்போன மரம், தூர்ந்த கிணறு, பெயர்த்தெடுத்த கல் எல்லாவற்றையும் அவர்களே குறித்து வைக்கட்டும். நடந்துபோய்ச் சேரும் ஊரில் அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய். அந்த ஊர்க்காரர்கள் கையாலேயே பரிமாறச் சொல். தன் பாட்டனார் சோறு போட்ட இடம் என்று தெரிந்தவன், அந்தச் சுவரை இடிக்கக் கடப்பாறையோடு வருகிறவனிடம் ஒரு வார்த்தையாவது கேட்பான்.

தை பிறந்ததும் கிளம்பு. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. முதல் நாள் ஒரத்தநாடு வரைக்கும் நட. கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒவ்வோர் ஊரிலும் இருக்கிற பெரியவர்களிடம் சத்திரத்து மணி எங்கே தொங்கியது என்று விசாரி. ஒருவர் சொன்னாலும் உடனே எனக்கு எழுது.