மேகத்துக்குள் பொய் சொல்லும் காது

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். மழைக்காலத்தில் காலை வழிபாட்டின்போது தெளிவாக நின்ற மலை, இடைவேளை மணி அடிப்பதற்குள் மேகத்தில் மறைந்துவிடும். காது பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். "அந்த மேகத்துக்குள் ஒரு விமானி மாட்டிக்கொண்டால், நேராகப் போகிறோமா, சாய்ந்து திரும்புகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?" "உடம்புக்கே தெரியும் டீச்சர்" என்பார்கள். தவறு என்று உடனே சொல்லிவிட வேண்டாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் ஊற்றிக் காகிதத் துணுக்குகளை மிதக்கவிடுங்கள். சுழல் நாற்காலியின் நடுவில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் டம்ளர் மட்டும் சுழலும், நீர் பின்தங்கும். சற்று நேரத்தில் நீரும் சேர்ந்து சுழலும். நிறுத்தினால் டம்ளர் நிற்கும், நீர் நிற்காது. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களில் உள்ள திரவமும் இப்படித்தான். சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 10 முதல் 20 நொடிகளில் திரும்பும் உணர்வு மறைகிறது. நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றுகிறது.

பிறகு ஒரு மாணவரைக் கண்ணைக் கட்டி அதே நாற்காலியில் உட்காரவைத்து, சுழலும் திசையைக் கட்டைவிரலால் காட்டச் சொல்லுங்கள். நாற்காலி நின்ற பிறகு விரல் எதிர்த்திசையைக் காட்டும்போது வகுப்பே சிரிக்கும். (வேகமாகச் சுற்றவே கூடாது. சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.)

கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறு விமானத்துக்குத் தொடுவானமே வழிகாட்டி. அதனால்தான் தாழ்வான உயரங்களில் 5 கிலோமீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர் விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 5 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நொடி? மாணவர்களே கணக்கிடட்டும். 100 நொடி. வானிலை மங்கி 1,500 மீட்டர் மட்டுமே தெரிந்தால் 30 நொடி. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானம் ஓட்டவைத்துச் சோதித்தது. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில்.

பயிற்சி பெற்றவர்களுக்கு இது நேராது என்று எண்ணிவிடக் கூடாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலையில் மோதியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததாகவும், விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்ததாகவும் முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தெரிவித்தது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, கவனக்குறைவு எதுவும் காரணமில்லை என்றது. 2024-இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் அதே விபத்துக்கு 'மனிதப் பிழை' என்ற காரணம் இடம்பெற்றது.

இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, நாற்காலியில் சுற்றியவரிடமே முதலில் கேட்பேன்: விரலைத் தவறாகக் காட்டியது உன் பிழையா? பிழை என்றால் அது எந்த இடத்தில் தொடங்கியது, மேகத்துக்குள்ளா, அதற்கு முன்பா?