மல்பெரியைப் பிடுங்கலாமா?

கேள்வி: நல்லம்பள்ளி பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் நிலம்; ஒன்றில் மல்பெரி, இன்னொன்றில் ராகி. மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். “சிப்காட் வருது, நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும். பட்டுப்புழு வளர்த்து என்ன கண்டோம்? மல்பெரியைப் பிடுங்கிட்டு வித்துடலாம்” என்கிறான். கம்பெனிகள் வந்துவிட்டால் தருமபுரி தலையெடுத்துவிடுமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: மல்பெரியைப் பிடுங்காதீர்கள். காரணத்தைச் சொல்ல ஓசூரிலிருந்து தொடங்க வேண்டும்.

1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தபோது தருமபுரி மாவட்டத்துக்குள்தான் ஓசூரும் இருந்தது. எழுபதுகளில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதோடு போய்விட்டது. ‘ஓசூர் கைவிட்டுப் போனதால்தான் நாம் பின்தங்கினோம்’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஓசூர் நம் மாவட்டத்தில் இருந்த அத்தனை வருடங்களிலும் பென்னாகரத்துக்காரரும் அரூர்க்காரரும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மாவட்டத்தின் ஒரு மூலையில் ஆலை ஓடினால், மறு மூலையில் இருக்கும் வீட்டுக்குத் தானாக வருமானம் வந்துவிடாது.

அதகப்பாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி பகுதியில் 1,700 ஏக்கருக்கும் மேல் எடுத்துத் திட்டமிட்டிருக்கும் சிப்காட் வரட்டும், வரவும் வேண்டும். 1941-இல் பிடுங்கப்பட்ட மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதை மீண்டும் வந்தால் சரக்கு ஏற்றுவோருக்குத் தெம்புதான். ஆனால் ஒரு தொழிற்பேட்டையை மட்டும் நம்பி ஊர் உட்கார்ந்துவிடக் கூடாது. நம்மிடம் விளைகிற பொருள், விளைந்தபடியே வண்டியேறிப் போகிறது. அதை இங்கேயே பக்குவப்படுத்தி அனுப்ப முடிந்தால்தான் காசு இங்கே தங்கும்.

உங்கள் பட்டுக்கூட்டையே பாருங்கள். முட்டை பொரிந்ததிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மாத காலம் இரவு பகலாகத் தழை போட்டு வளர்க்கிறீர்கள். கூடு கட்டி முடித்த சில நாட்களில் அது சந்தைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், நூல் அறுந்துபோகும். வாங்குபவருக்கு இது தெரியும். அதனால் ஏலத்தில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான். சுற்றுவட்ட மாவட்டக்காரர்கள்கூடக் கூடு கொண்டுவரும் பெரிய அங்காடி தருமபுரியில் இருக்கிறது. இருந்தும், காஞ்சிபுரத்துத் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்துதான் நூல் நிறைய வருகிறது. ஏறத்தாழ ஆறேழு கிலோ கூட்டுக்கு ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும். கூட்டை உலர்த்தி வைக்கும் வசதியும் நூற்பு ஆலைகளும் அங்காடிக்குப் பக்கத்திலேயே பெருகினால், விவசாயி விலை பார்த்து விற்க முடியும். நூற்பில் பத்துப் பேருக்கு உள்ளூரிலேயே வேலை. என்னைக் கேட்டால் தருமபுரி நகரத்துக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கிக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1993-இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, வருமானமும் சாப்பாடும் சரியாக வேண்டும் என்று கண்டு, மக்களோடு சேர்ந்து இயற்கை விவசாயத்தில் இறங்கினார்கள். விவசாயிகள் சங்கம் அமைந்தது. சாமையை எடுத்துக்கொள்ளுங்கள்: ராகியைக் கழுவிக் காயவைத்து நேராக அரைத்துவிடலாம், சாமைக்கு உமி நீக்க வேண்டும். உரலில் இடித்தே பெண்களின் தோள் போகும். பக்கத்தில் மில் இல்லாத ஊரில், உமியோடு மலிவாக விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிடுவதே வழக்கமாகிவிட்டது. ஊருக்குள்ளேயே உமி நீக்கி, மாவாக்கி, தின்பண்டமாக்கி விற்றால், அதே சாமை வேறு விலைக்குப் போகும். அதைச் சிட்லிங்கி செய்துகாட்டியது. அங்குள்ள லம்பாடிப் பெண்கள், மூத்தவர்கள் சிலருக்கு மட்டுமே நினைவிலிருந்த எம்பிராய்டரியை மீட்டெடுத்து, ‘பொர்கை’ என்ற பெயரில் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

உங்கள் ராகிக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதற்காக நேரடிக் கொள்முதலும் நடந்தது. விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் சந்தை இது. இதை விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது விவசாயிகளான நீங்கள்தான்.

நிலத்தை இப்போதைக்கு விற்க வேண்டாம். விற்ற பணம் வீடாகவும் வண்டியாகவும் கரைந்துபோன குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வேதனையில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மகன் எந்தப் பிரிவு படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ என்றால் ஓசூரில் கற்கும் வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். உமி நீக்கும் மில்லையும் நூற்பு இயந்திரத்தையும் ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆள் நம் பக்கத்துக் கிராமங்களில் அரிது. உணவு பதப்படுத்தும் சிறு தொழிலுக்கு ஒன்றிய அரசின் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை லீவில் வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், அந்த மானியம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். போகிற வழியில் பட்டுக்கூடு அங்காடியில் இறங்கி, ஏலம் முடிகிறவரை அவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.